செம்பாறைப் பாலையில் ஒரு முழு நாள் நடை: திரும்பும் பாதியில் தெரியும் தவறுகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் நீடில்ஸ் என்றொரு பகுதி உண்டு. எலிஃபன்ட் ஹில்லில் வண்டியை நிறுத்திவிட்டு, செஸ்லர் பார்க் என்கிற புல்வெளியைச் சுற்றி வந்தால் சுமார் 17 கிலோமீட்டர். 17 தானே, இதைவிட அதிகமாகவே நடந்திருக்கிறோமே என்று நினைப்பதுதான் முதல் தவறு. நானும் அப்படித்தான் கிளம்பினேன். வறண்ட ஓடைகளின் மணலில் கால் புதைவதும், பாறை மேல் ஏறி ஏறி இறங்குவதும், நிழலே இல்லாத வெட்டவெளியும் அந்த 17-க்குள் தெரிவதில்லை. சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர்கூட இங்கே இரண்டரைக்கு மேல் கணக்குப் போடாமல் இருப்பது நல்லது. காற்று வேறு படு தெளிவு. பக்கத்தில் தெரிகிற பாறைக் கோபுரம், ஒரு மணி நேரம் நடந்த பிறகும் அதே பக்கத்தில்தான் நின்றுகொண்டிருக்கும்.

அடுத்தது தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு கேலன், அதாவது ஏறக்குறைய 4 லிட்டர் வேண்டும் என்பது பூங்கா நிர்வாகத்தின் கணக்கு. முதுகில் 4 கிலோ ஏறுகிறதே என்று பாதியை வண்டியிலேயே விட்டுப் போகிறவர்கள் உண்டு. வழியில் குழாய் எதுவும் கிடையாது. வறண்ட காற்றில் வியர்வை வந்த வேகத்திலேயே ஆவியாகிவிடுவதால் சட்டை நனையாது. வியர்க்கவே இல்லை என்றுதான் தோன்றும். சாயங்காலம் சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக்கோடு தெரியும்போதுதான் எவ்வளவு போயிருக்கிறது என்று புரியும். போன உப்பும் உடம்புக்குத் திரும்பி வர வேண்டும். சாப்பிடாமல் வெறும் தண்ணீரையே மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரலாம். பார்ப்பதற்கு நீரிழப்பு மாதிரியே இருப்பதால், கூட இருப்பவர் இன்னும் கொஞ்சம் குடி என்பார். அங்கேதான் ஆபத்து. பசிக்காவிட்டாலும் உப்புக் கடலையோ பிஸ்கட்டோ கொறித்துக்கொண்டே நடங்கள்.

தண்ணீரில் பாதி தீர்ந்தும் பாதி தூரம் தாண்டவில்லையா? வந்த வழியே திரும்பிவிடுங்கள். சுற்றுப்பாதையை முடித்தே தீருவேன் என்கிற வீம்பு இந்த இடத்தில் செல்லாது.

கோடையில் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே சாதாரணம். 10 மணிக்குக் கிளம்பினால் மிகக் கடினமான பகுதி உச்சி வெயிலில் வந்து மாட்டும். விடியும்போதே நடக்கத் தொடங்குங்கள். ஆனால் பாலைவனம்தானே என்று மெல்லிய சட்டையோடு மட்டும் போவதும் தவறு. ஒரே நாளில் 20 டிகிரிக்கு மேல் ஏறி இறங்கும் ஊர் இது.

பாறை விஷயத்துக்கு வருவோம். வழவழவென்று விரியும் இந்த மணற்பாறையை ஸ்லிக்ராக் என்பார்கள். இரும்பு லாடம் அடித்த குதிரைகளுக்கு வழுக்கியதால் வந்த பெயர். காய்ந்த பாறையில் ரப்பர் அடிப்பாகம் நன்றாகவே பிடிக்கும். ஈரமோ தூவிய மணலோ இருந்தால் கதை வேறு. ஏறிய இடத்தில் எல்லாம் இறங்கிவிடலாம் என்று மட்டும் நம்பாதீர்கள். பாறையில் காலடித் தடம் பதியாது. சின்னச் சின்னக் கற்குவியல்கள்தான் வழி சொல்லும். அடுத்த குவியல் கண்ணில் படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த குவியலுக்கே திரும்பிப் போய்த் தேடுங்கள். விளையாட்டாக நீங்கள் ஒன்று அடுக்கினால், பின்னால் வருபவர் அதை நம்பிப் போவார். அப்புறம், குறுக்கு வழி வேண்டாம். கறுத்து, புடைப்புப் புடைப்பாகத் தெரியும் மண் உயிருள்ள மண். சயனோபாக்டீரியா உள்ளிட்ட நுண்ணுயிர்கள் கட்டி வைத்த அந்த மேலோடு மிதிபட்டால் மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

தலைக்கு மேலே நீலவானம் இருந்தால் வெள்ளம் வராது என்பது உயிரைக் குடிக்கும் தவறு. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யன் என்கிற குறுகிய பாறை இடுக்கில் 11 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது பல கிலோமீட்டர் தள்ளி. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, குறுகிய பாறை இடுக்குகளுக்குள் நுழையும் முன் அன்றைய வானிலையைப் பூங்காக் காவலரான ரேஞ்சரிடம் கேளுங்கள்.

போனில் சிக்னல் இருக்காது. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்பதை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். 2003-இல் ஆரோன் ரால்ஸ்டன் என்கிற மலையேற்றக்காரர் யாரிடமும் சொல்லாமல் இதே யூட்டாவின் புளூஜான் கேன்யனுக்குப் போனார். கை பாறையில் சிக்கி, 5 நாளுக்கும் மேல் கிடந்து, கடைசியில் அதைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

வண்டியைத் தொட்டதும் நாள் முடிந்துவிடாது. மோவாப் என்கிற ஊருக்கு இன்னும் 120 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும், அதுவும் சில சமயம் இருட்டில், தூங்கி வழிகிற கண்ணோடு. வண்டியில் ஒரு கேன் தண்ணீரைத் தனியாக விட்டுவைத்துப் போங்கள். நாளெல்லாம் வெயிலில் கிடந்து வெந்நீராகத்தான் இருக்கும். பரவாயில்லை, குடிக்கலாம்.