பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பெட்ரோல் கோளாறு: கார்புரேட்டரில் கை வைக்கும் முன்

போன வாரம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு தம்பி போன் செய்தார். தென்னந்தோப்புக்காரர். எங்கோ தேடிப் பிடித்து ஒரு எம்.ஜி.பி. வாங்கியிருக்கிறார், இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். "அண்ணா, வண்டி இருபது கிலோமீட்டர் போனா நின்னுக்குதுங். ரெண்டு கார்புரேட்டரையும் கழட்டிட்டனுங். இப்ப என்னங் பண்றது?"

எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது கார்புரேட்டர். அதைக் கழற்றிவிட்டார் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நேரில் போனால் திண்ணையில் ஒரே எவர்சில்வர் தாம்பாளத்தில் இரண்டு கார்புரேட்டரின் சாமான்களும் கலந்து கிடக்கின்றன. பக்கத்தில் உப்புத்தாள், இன்னும் உறை பிரிக்காமல். முதலில் அதைப் பிடுங்கி என் பைக்குள் போட்டேன்.

ஃபில்டரை மாற்று, டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா பார் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அறுபது வருஷத்து வண்டியை வாங்கியவருக்கு அதுகூடவா தெரியாது? செய்யக்கூடாத தப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் வேலையாகக் கார்புரேட்டரைக் கழற்றுவது

என் வண்டி 1965 மாடல் எம்.ஜி.பி. 1,798 சி.சி. எஞ்சின், எஸ்.யு. என்ற இங்கிலாந்து கம்பெனியின் இரட்டைக் கார்புரேட்டர், வண்டியின் பின்பக்கம் அடியில் டிக் டிக் என்று அடிக்கும் எஸ்.யு. மின்சார பம்ப். கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சி ரோட்டில் கிளம்பினால் கிணத்துக்கடவு வரை பட்டுப்போல ஓடும். அதைத் தாண்டியதும் இருமும், திணறும், நின்றுவிடும். சித்த நேரம் மரத்தடியில் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி கிளம்பும்.

கார்புரேட்டர்தான் என்று முடிவு கட்டினேன். அதற்குக் காரணம் வெறும் சோம்பல். பானெட்டைத் திறந்தால் இரண்டு அலுமினியக் குடத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி அதுதான் எதிரே நிற்கிறது. டேங்கையும் பம்பையும் பார்க்க மண்ணில் மல்லாக்கப் படுக்க வேண்டும்.

அந்தக் குடத்துக்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. எஞ்சின் காற்றை இழுக்க இழுக்க அது மேலே ஏறும். அதன் அடியில் தொங்கும் கூம்பு நீடிலும், அதாவது ஊசியும், பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை விட்டு மேலே வரும், பெட்ரோல் கூடும். பிஸ்டனுக்கும் குடத்துக்கும் நடுவே ரப்பரும் கிடையாது, ரிங்கும் கிடையாது. மயிரிழை இடைவெளிதான் அங்கே சீல். ஒவ்வொரு குடமும் அதன் பிஸ்டனும் ஜோடி பார்த்துச் சேர்த்தவை. முன் கார்புரேட்டர் பிஸ்டனைப் பின் குடத்தில் போட்டால் உட்காரும், ஆனால் சேராது.

நான் இரண்டையும் கலந்தேன். அதோடு விட்டேனா? பிஸ்டன் ஓரத்தில் இருந்த பழுப்புக் கறையைப் பார்த்து, லேசாகத்தானே என்று தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பூஜை சாமான் மாதிரி மின்னியது. மாட்டினால் ஐடிலிங்கில் நிற்கவில்லை. ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் ஒரு கார்புரேட்டர் ஒன்று சொல்ல, மற்றது வேறொன்று சொல்லியது.

இதற்கு ஒரு சோதனை உண்டு. பிஸ்டனில் இருக்கும் ஓட்டைகளைக் களிமண் உருண்டையால் அடைத்து, டேம்ப்பரைப் (பிஸ்டன் துள்ளாமல் எண்ணெயில் தடுக்கும் தண்டு) போட்டு, குடத்தோடு தலைகீழாகக் கவிழ்த்து, பிஸ்டனைப் பிடித்துக்கொண்டு குடத்தை விட வேண்டும். ஒன்றரை அங்குல எஸ்.யு.வில் குடம் மெல்ல நழுவி முழுக்க இறங்க 5 முதல் 7 நொடி ஆக வேண்டும். என்னுடையது 2 நொடியில் தொப்பென்று மடியில் விழுந்தது. தேய்த்துத் தள்ளிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட எந்த லேத் பட்டறையாலும் முடியாது. இங்கிலாந்திலிருந்து இரண்டு ஜோடி வரவழைத்தேன். பில் வந்த அன்று வீட்டில் நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது.

புது ஜோடியை மாட்டிக் கிளம்பினேன். கிணத்துக்கடவு தாண்டியதும் இருமல், திணறல், நிறுத்தம்.

கடைசியில் உக்கடத்தில் பழைய வண்டி வேலை பார்க்கும் ஒரு பெரியவரைக் கூட்டி வந்தேன். அவர் பானெட்டையே தொடவில்லை. வண்டி நின்றதும் பின்னால் போய் டேங்க் மூடியைத் திறந்தார். உஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே போனது. "ஏனுங் தம்பி, இந்த மூடிய எங்க வாங்குனீங்?"

பெட்ரோல் திருடு போகிறதே என்று நான் மாட்டிய பூட்டு மூடி அது. இந்த வண்டிக்கு டேங்குக்குள் காற்று போகிற வழி மூடியில்தான் இருக்கிறது. பூட்டு மூடியில் அந்த வழி இல்லை. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம். ஒரு கட்டத்தில் பம்ப் இழுக்க முடியாமல் திணறும். சித்த நேரம் நின்றால் எங்கேயாவது காற்று கசிந்து உள்ளே போகும், வண்டி கிளம்பும். உப்புத்தாளுக்கு வேலையே இல்லை. இத்தனை வருஷமாகியும் அந்த மூடியை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

ஆகவே பெட்ரோல் போகிற வழியிலேயே போங்கள். வண்டி நின்ற அந்த நிமிஷமே மூடியைத் திறந்து காது கொடுங்கள். அப்புறம் சாவி போட்டு பம்பைக் கேளுங்கள். நாலு டிக் அடித்து நின்றால் ஃப்ளோட் அறை (கார்புரேட்டரோடு ஒட்டிய, பெட்ரோல் தேங்கும் சின்னத் தொட்டி) நிறைந்துவிட்டது, நல்லது. நிற்காமல் படபடவென்று அடித்தால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவே காற்று இழுக்கிறது, இல்லை டேங்க் காலி. சத்தமே இல்லாமல், ஒரு தட்டு தட்டியதும் ஓடினால் பம்புக்குள் மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் பாயிண்ட் கருகியிருக்கிறது. தட்டித் தட்டியே வால்பாறை போய்விடலாம் என்று கிளம்பாதீர்கள், அந்த நாற்பது கொண்டை ஊசி வளைவில் எதிலாவது கட்டாயம் நிற்கும். அடுத்து, எஞ்சின் ஆறியதும் கார்புரேட்டருக்கு வரும் டியூபைக் கழற்றி ஒரு கேனில் விட்டுப் பாருங்கள். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் பக்கம் வர வேண்டும். வந்தால் மட்டும் ஃப்ளோட் அறை. குடம் கடைசியில். அதிலும் பெட்ரோல் நனைத்த துணி போதும்.

ஸ்பார்க் கோளாறைப் பெட்ரோல் தலையில் கட்டுவது

பெட்ரோல் போதாமல் நிற்கும் வண்டி இருமி, இழுத்து, கெஞ்சிவிட்டு நிற்கும். ஸ்விட்சை அணைத்த மாதிரி பட்டென்று நின்றால் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பாருங்கள். அதில் இருக்கும், சூடேறினால் மட்டும் சாகிற கண்டன்ஸர் எத்தனையோ நல்ல கார்புரேட்டர்களைக் கழற்ற வைத்திருக்கிறது.

இ20 பெட்ரோலை மறப்பது

இப்போது பங்கில் ஊற்றுவதில் 20 சதவீதம் எத்தனால். நம் வண்டிகள் பிறந்தபோது இதை யாரும் நினைக்கவில்லை. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பரை ஊறவைத்து நொய்யச் செய்யும். டேங்கின் உள்ளே வருஷக்கணக்காக ஒட்டியிருந்த பிசினையும் கிளப்பிவிடும். அதனால் பாதி டேங்கோடு மாதக்கணக்கில் ஷெட்டில் போட்டுவைக்காதீர்கள், ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கும்போது சுத்தமாக ஆகாது.

இன்னொன்று: சுத்த பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். இ20க்கு சுமார் 13.5 போதும். பழைய செட்டிங்கிலேயே விட்டால் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும். ஜெட்டுக்கு அடியில் இருக்கும் அறுமுக நட்டை ஒரு முகம், மிஞ்சினால் இரண்டு முகம் கீழே இறக்குங்கள். பிறகு பிஸ்டனைத் துளி தூக்கிப் பாருங்கள்: சத்தம் ஒரு கணம் ஏறி அடங்கினால் சரி, ஏறியே நின்றால் பெட்ரோல் அதிகம், எஞ்சின் அணைந்தால் குறைவு.

இஞ்செக்‌ஷன் கார் பம்பை மாட்டுவது

எஸ்.யு. ஃப்ளோட் அறை நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஊசி தாங்குவது சதுர அங்குலத்துக்கு 3, 4 பவுண்டு அழுத்தம். அந்த பம்ப் தள்ளுவது 40க்கு மேல். மீதி சூடான சைலன்ஸர் பைப் மேல் வழியும்.

பனியன் வேஸ்ட்

திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. கை துடைக்க அருமை. ஃப்ளோட் அறையைத் துடைத்தால் ஒரு நூல் பிசிறு ஜெட்டில் போய் உட்காரும். என் அனுபவத்தில் அது சிவப்பு நூல்.

கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டியூப்

பெட்ரோலுக்கு ஆகாது.

டேம்ப்பரில் எண்ணெய் இல்லாமல் ஓட்டுவது

மிதித்ததும் ஒரு விக்கல். மூடியைத் திருகி எண்ணெய் விட அரை நிமிஷம்.

டேங்கில் வெல்டிங்

உங்கள் கையால் வேண்டாம்.

பொள்ளாச்சித் தம்பியின் வண்டியில் மூடி சரியாகத்தான் இருந்தது. டேங்கில் துரு. ஓட ஓடத் துருச் செதில்கள் உறிஞ்சு குழாயின் வலையில் போய் அப்பிக்கொள்ளும், நின்றதும் உதிரும். டேங்கை இறக்கிக் கவிழ்த்தபோது ஒரு டம்ளர் அளவுக்குச் செம்மண் மாதிரி கொட்டியது. தாம்பாளத்தில் கலந்த ஜோடியைப் பிரிக்கத்தான் ஒரு சாயங்காலம் ஆனது. இரண்டு குடம், இரண்டு பிஸ்டன், மாற்றி மாற்றிக் கவிழ்த்து நொடி எண்ணினோம். ஒரு சேர்க்கையில் ஒன்று 4, மற்றது 9. மாற்றிப் போட்டதும் இரண்டும் 6. தம்பி மார்க்கர் எடுத்து ஒன்றில் 'மு', மற்றதில் 'பி' என்று எழுதிக்கொண்டார்.