பாகப்பிரிவினையில் இல்லாத அத்தைப்பாட்டி

சேலம் குகையில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது அக்கம்பக்கத்தார் வம்சாவளியைத் தோண்டிக் கொடுப்பதுதான் பொழுதுபோக்கு. வீட்டில் ‘சிஐடி அம்மா’ என்கிறார்கள், சொல்லட்டும். வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: தாத்தாவோடு பிறந்த பெண் எங்கே போனார்?

முதலில் பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தேடுங்கள். கிரயப் பத்திரத்தைவிட அது உசத்தி, அண்ணன் தம்பிகள் வயதோடு வரிசையாக வந்துவிடுவார்கள். தொலைந்துபோயிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்து, ஆவண எண்ணைப் பிடித்து நகல் வாங்குங்கள். நாமக்கல் 1997-ல்தான் தனி மாவட்டம் ஆனது, அதனால் அந்தப் பக்கத்துப் பழைய பத்திரங்களும் ‘சேலம் ஜில்லா’ என்றே இருக்கும்.

பெயரில் ஒரு பொறி உண்டு. மு. ராமசாமியின் மகன் ரா. முத்துசாமி, அவர் மகன் தாத்தா பெயரோடு மறுபடியும் மு. ராமசாமி. இனிஷியல்கூட மாறாது. வயதையும் மனைவி பெயரையும் வைத்துத்தான் பிரிக்க முடியும்.

பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பிறப்புரிமை என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989-ல்தான். அதற்கு முந்தைய பாகப்பிரிவினையில் பெண் பெயர் இல்லையென்றால், பெண்ணே பிறக்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

அப்புறம் பரணில் ஏறி மொய் நோட்டை எடுங்கள். எனக்குப் பத்திரத்தைவிட இதன்மேல்தான் நம்பிக்கை. ஒரு வீட்டு நோட்டில் எல்லோரும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எழுதியிருக்க, ஏற்காடு நாகலூர்க்காரர் ஒருவர் மட்டும் இருபத்தைந்து எழுதியிருந்தார். யாரென்று கேட்டேன். தெரியாது என்றார்கள். மூத்த பாட்டி மட்டும் காபி குடிக்கிறாயா என்று பேச்சை மாற்றினார். சரி, விஷயம் இங்கேதான் என்று புரிந்துவிட்டது. மலைமேல் விசாரித்தபோது, அவர் காபி எஸ்டேட் கணக்குப்பிள்ளை. அத்தைப்பாட்டி கட்டிக்கொண்டது அவரைத்தான். கிறிஸ்தவர் என்பதால் சர்ச் பதிவேட்டில் கல்யாணத் தேதியும் கிடைத்தது.

ஜாதகம் கிடைத்தால் வருஷத்தில் கவனம். ‘பிரபவ’ என்பது 1927-ஆகவும் இருக்கலாம், அறுபது வருஷம் தள்ளி 1987-ஆகவும் இருக்கலாம். மாதம் தை என்றால் ஆங்கில வருஷத்தில் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

பெரியவர்களிடம் போகும்போது நோட்டும் பேனாவும் பைக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே எடுத்தால் சொத்துக்குத்தான் வந்திருக்கிறாய் என்று வாயை மூடிக்கொள்வார்கள். கல்யாண ஆல்பத்தைக் கொண்டுபோங்கள். யார் யார் என்று அவர்களே விரல் வைத்துச் சொல்வார்கள்.