ஞாயிறு மதியம் 2 மணி வகுப்பு: பெரியவர்களைத் தூங்கவிடாமல் பாடம் நடத்த நான் செய்வது

முதல் மூன்று வாரமும் வகுப்பில் நான் கேட்டது ஒரே கேள்விதான்: "புரிஞ்சுதா?" கிடைத்ததும் ஒரே பதில்தான்: "புரிஞ்சுது சார்." நான்காவது வாரம், ஏற்கெனவே சொல்லிக்கொடுத்த எக்செல் கணக்கு ஒன்றை மறுபடி கொடுத்தேன். 18 பேரில் 3 பேர் போட்டார்கள். மற்றவர்கள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வார நாட்களில் எனக்குச் சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் வேலை. ஞாயிறு மதியம் 2 மணியிலிருந்து நாலரை வரை லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு எக்செல் சொல்லிக்கொடுக்கிறேன். தொண்டூழியம்தான், காசு கிடையாது. இரண்டு வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் யாரும் தூங்குவதில்லை. (சரி, ஒருவர் தூங்குவார். அவருக்கு இரவு ஷிப்ட். எழுப்புவதில்லை.) புதிதாக வகுப்பு எடுக்க வந்த இரண்டு பேர் எப்படி என்று கேட்டதால் எழுதி வைக்கிறேன்.

ப்ரொஜெக்டர் மாட்டுவது, வருகைப் பதிவு எடுப்பது இதையெல்லாம் விளக்கப் போவதில்லை. டபிள்யூஎஸ்கியூ (சிங்கப்பூரின் தொழில்திறன் தகுதி) பயிற்சி நடத்தப் போகிறவர்கள் ஏசிஎல்பி என்ற பயிற்றுநர் சான்றிதழ் பக்கம் போக வேண்டும், அது தனிக்கதை. இது சமூக மன்றத்திலோ கோயிலிலோ தங்கும் விடுதியிலோ வகுப்பு எடுப்பவர்களுக்கு.

படி 1: வந்ததும் உட்கார விடாதீர்கள்

உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு. வாரம் முழுக்க விடியும் முன்பே எழுந்து லாரி ஏறுகிறவர்கள், கிடைத்த ஒரே விடுமுறையில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஏர்கான் அறைக்குள் வருகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் கதை முடிந்தது.

சுவரில் 4 பெரிய தாள்களை ஒட்டி வைக்கிறேன். ஒவ்வொன்றிலும் போன வாரப் பாடத்திலிருந்து ஒரு கேள்வி. வருகிறவர்கள் மார்க்கரை எடுத்து நின்றபடியே பதில் எழுத வேண்டும். நோட்டைப் பார்க்கக் கூடாது. பத்து நிமிடம் போதும்.

நோட்டு வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களை ஒரே பாடத்தை இரண்டு விதமாகப் படிக்க வைத்தார்கள். சிலர் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். சிலர் ஒருமுறை வாசித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்தினார்கள். நமக்கும் வாரம் ஒரு வகுப்புதானே.

படி 2: பாடத்திட்டத்தை அவர்களிடம் கேளுங்கள்

"எக்செல் என்றால் என்ன" என்று தொடங்காதீர்கள். "வேலையில எதை எண்ணுவீங்க, ஊருக்கு எதைக் கணக்குப் பார்ப்பீங்க?" என்று கேளுங்கள். ஒருவர் சாரக் குழாய் எண்ணுகிறார். ஒருவர் தங்கை கல்யாணக் கடன். ஒருவர் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) ரூபாயாக மாற்றும்போது எந்தக் கடையில் லாபம் என்று பார்க்கிறார். எனக்கு ஆறு வாரப் பாடம் அதிலேயே கிடைத்துவிட்டது. முதியோர் கல்வி பற்றி எழுதிய மால்கம் நோல்ஸ் சொன்னதும் இதுதான்: இது எனக்கு எதற்கு என்று தெரியாமல் பெரியவர்கள் படிக்க மாட்டார்கள்.

படி 3: அவர்கள் வாழ்க்கையைப் பாடமாக்குங்கள், ஆனால் அவர்கள் பெயரில் வேண்டாம்

நான் வழுக்கி விழுந்த இடம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரியவர்களுக்குப் பாடம் அவர்கள் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும் என்று படித்திருந்தேன். சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் முதல் முதலாளிகள் விவரமான சம்பளச் சீட்டு கொடுத்தாக வேண்டும். எல்லாரிடமும் இருக்கும். "உங்க பேஸ்லிப்பை எடுங்க, ஓவர்டைம் சரியா வந்திருக்கான்னு பார்ப்போம்" என்றேன். பிரமாதமான யோசனை என்று நினைப்பு.

ஒருவரும் எடுக்கவில்லை. பட்டுக்கோட்டைத் தம்பி ஒருவர் "போன்ல சார்ஜ் இல்ல சார்" என்றார். திரையில் 80 விழுக்காடு என்று எனக்கே தெரிந்தது. அன்று மீதி வகுப்பை ஏதோ ஒப்பேற்றினேன்.

இடைவேளையில் தே தாரிக்கோடு படிக்கட்டில் நின்றபோது வகுப்பில் படிக்கும் மன்னார்குடி அண்ணன் ஒருவர் பக்கத்தில் வந்தார். 52 வயது. அதுவரை என்னைச் சார் என்றே கூப்பிட்டவர். "தம்பி, நானும் அந்தப் பையனும் ஒரே ரூம், ஒரே வேலை. அவனுக்கு என்னைவிட 150 வெள்ளி அதிகம். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாது. அது அப்படியே இருக்கட்டும்."

அவர்கள் அதுவரை வாய் திறக்காததை நான் ஆர்வமில்லை என்று நினைத்திருந்தேன். அது மானம். பத்து வயதுப் பையன் தப்பாகச் சொன்னால் வகுப்பு சிரிக்கும், மறந்துவிடும். 52 வயதுக்காரர் தப்பாகச் சொன்னால் ராத்திரி அதே அறையில் அதே ஆட்களோடு படுத்துத் தூங்க வேண்டும்.

அடுத்த வாரம் முருகேசனை உருவாக்கினேன். அப்படி ஒரு ஆள் கிடையாது. அவருக்கு அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி. அந்த மாதம் 40 மணி நேரம் ஓவர்டைம். சீட்டில் ஓவர்டைமுக்கு 168 வெள்ளி போட்டிருக்கிறது. "முருகேசனுக்குச் சரியாக் குடுத்திருக்காங்களா?" அவ்வளவுதான் கேள்வி.

கணக்கு இப்படி. மாதச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52 பெருக்கல் 44ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி வரும். 52 என்பது வாரங்கள், 44 என்பது வாரத்தின் வேலை நேரம். எக்செலில்:

=800*12/(52*44)

விடை 4.1958, சுமாராக 4.20 வெள்ளி. ஓவர்டைமுக்கு அதைப்போல் ஒன்றரை மடங்கு, 6.29. 40 மணி நேரத்துக்கு 251.75 வெள்ளி வர வேண்டும். சீட்டில் இருப்பது ஒன்றரையால் பெருக்காத தொகை. 83 வெள்ளிக்கு மேல் குறைகிறது.

அறையே கொந்தளித்துவிட்டது. முருகேசனுக்காக எல்லாரும் சண்டை போட்டார்கள். சொந்தச் சீட்டை யாரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிரவு விடுதியில் எத்தனை பேர் போர்வைக்குள் கணக்குப் போட்டார்கள் என்பது அவரவருக்கே தெரியும். அடுத்த வாரம் மூன்று பேர் தனியாக வந்து, "ஒரு ஃப்ரெண்டுக்காகக் கேக்கிறேன் சார்" என்று தொடங்கினார்கள்.

இன்னொன்று. அடைப்புக்குறியை விட்டுவிட்டு வேண்டுமென்றே பலகையில் தப்பாக எழுதுங்கள். =800*12/52*44 என்று போட்டால் விடை 8,123 வெள்ளி வரும், ஒரு மணி நேரத்துக்கு. "முருகேசன் கம்பெனியவே வாங்கிடுவான் சார்!" என்று கத்தினார்கள். அந்த அறையில் முதலில் தப்புப் பண்ணியவர் ஆசிரியர் என்றால் மற்றவர்களுக்குத் தயக்கம் பாதி போய்விடும்.

படி 4: கேட்டுவிட்டுத் தண்ணீர் குடியுங்கள்

1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளி அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து கேட்டுப் பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு வினாடி. அதை 3 வினாடி ஆக்கியபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் திறந்தார்கள். அது பிள்ளைகள் வகுப்பு. என் வகுப்பையும் கைப்பேசியில் பதிவுசெய்து கேட்டேன். கேள்வியை முடிக்கும் முன்பே விடையையும் நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது கேள்வி கேட்டதும் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து மூன்று வாய் குடிக்கிறேன். வாயில் தண்ணீர் இருந்தால் பேச முடியாது, அவ்வளவுதான் சூட்சுமம்.

அப்புறம் "பக்கத்துல இருக்கிறவர்கிட்ட ஒரு நிமிஷம் பேசுங்க" என்கிறேன். யோசி, இருவராகப் பேசு, பிறகு எல்லாருக்கும் சொல் என்ற இந்த முறையை 1981இல் ஃபிராங்க் லைமன் வகுத்தார். இதில் நான் மாற்றியது ஒன்றே ஒன்று. "உங்க பதில் என்ன?" என்று கேட்பதில்லை. "அண்ணே, உங்க பக்கத்துக்காரர் என்ன சொன்னாரு?" என்கிறேன். அப்படிக் கேட்டால் தப்பான பதில் யாருடையது என்பது வெளியே வராது. சொல்கிறவர் வெறும் தூதுவர், சொன்னவர் வாய் திறக்கவே இல்லை. முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது.

"புரிஞ்சுதா?" என்பதை அடியோடு விட்டுவிட்டேன். "ரூம்ல ஒருத்தர் கேட்டா எப்படிச் சொல்லிக்குடுப்பீங்க?" என்று கேட்டால் புரிந்ததா இல்லையா என்று தானாகத் தெரிந்துவிடும்.

படி 5: சாமான்கள்

வெள்ளைத் தாளை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் ஒரு சின்ன வெள்ளைப்பலகை. மார்க்கர் ஒன்று, துடைக்க டிஷ்யூ. விடையை எழுதி எல்லாரும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. கைப்பேசி வினாடி வினாச் செயலிகள் எனக்குப் பிடிக்காது. மேலே கடிகாரம் ஓடும், ஆங்கிலம் மெதுவாக வாசிப்பவர் கேள்வியை முடிப்பதற்குள் பெயர் பட்டியலின் அடியில் போய்விடும். மானம் என்று மேலே சொன்னேனே, அதுதான்.

மடிக்கணினி யாரிடமும் இல்லாததால் எக்செலுக்குப் பதில் கூகுள் ஷீட்ஸ், கைப்பேசியிலேயே. வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடத்தைக் குரல் பதிவாக அனுப்புகிறேன், லாரியில் போகும்போது கேட்பார்கள்.

தமிழ் ஆர்வத்தில் 'செல்' என்பதைச் 'சிற்றறை' என்று சொல்லி ஒரு வாரத்தை வீணாக்கினேன். திரையில் இருக்கும் சொல்லையே சொல்லுங்கள். விளக்கம் தமிழில் இருந்தால் போதும்.

சேர்க்கை 1: ஒரே கம்பெனி சூப்பர்வைசரும் அவருக்குக் கீழே வேலை செய்பவர்களும் ஒரே வகுப்பில் இருந்தால் படி 4இல் சொன்ன இருவர் பேச்சு எடுபடவில்லை என்று இதைப் படித்த ஒருவர் எழுதியிருந்தார். உண்மை, எனக்கும் நடந்தது. இப்போது வாசலிலேயே சீட்டுக்கட்டிலிருந்து ஆளுக்கு ஒரு சீட்டு கொடுக்கிறேன். ஒரே எண் வந்தவர்கள் ஒன்றாக உட்கார வேண்டும். சூப்பர்வைசரும் அவர் ஆளும் ஒன்றாக வந்துவிட்டால் சத்தமில்லாமல் மாற்றிவிடுவேன்.

சேர்க்கை 2: மூத்த பெண்களுக்குக் கைப்பேசி வகுப்பு எடுக்கும் ஓர் அக்கா, இருவராகப் பேச ஒரு நிமிடம் கொடுத்தால் சீரியல் கதைக்குப் போய்விடுகிறார்கள் என்றார். அடுத்த வாரமே அவரே வழியும் கண்டுபிடித்தார்: இருவருக்கு ஒரு தாள், ஒரு பேனா. விடை எழுதியாக வேண்டும். நானும் எடுத்துக்கொண்டேன்.

சேர்க்கை 3, திருத்தம்: நான் பகிர்ந்த பயிற்சித் தாளின் கடைசிக் கணக்கில் முருகேசனுக்கு ஒரு மாதத்தில் 80 மணி நேர ஓவர்டைம் போட்டிருந்தேன். சட்டப்படி மாத வரம்பு 72 மணி நேரம். புதிய தாளில் மாற்றிவிட்டேன், பழையது வைத்திருப்பவர்கள் கிழித்துப் போடவும். தப்பைப் பிடித்தவர் மன்னார்குடி அண்ணன். வகுப்பு நடுவில் எழுந்து, "தம்பி, முருகேசன் பாவம், அவனுக்கு ரெண்டு நாள் லீவு குடுங்க" என்றார்.