இம்போர்ட் வண்டிக்கு இரண்டாவது சாவி போடுவது எப்படி (புதுச்சேரி, கடலூர் பக்கம் இருப்பவர்களுக்கு)

ஒரே ஒரு சாவியை வைத்துக்கொண்டு இம்போர்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இருக்கிற சாவி ஒழுங்காக வேலை செய்யும்போதே இன்னொன்று போட்டுவிட்டால் அரை நாளில் முடியும், செலவும் தாங்கும். அந்த ஒன்றும் சுண்ணாம்பாற்றில் விழுந்த பிறகு போடுவதாக இருந்தால் கதையே வேறு. வண்டியை நகர்த்த முடியாது, வண்டி நிற்கும் இடத்துக்கு ஆளை வரவழைக்க வேண்டும், சில வண்டிகளில் டாஷ்போர்டைக் கழற்றி உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டியை வெளியே எடுத்துத்தான் சாவியைப் பதிய முடியும், இதெல்லாம் முடிகிறவரை வண்டி வெயிலில் காயும்.

என்னுடையது ஜப்பானிலிருந்து கப்பலில் முழுசாக வந்த வண்டி. எனக்கு முன்னால் இரண்டு பேர் கைமாறி, என்னிடம் வரும்போது ஒரு சாவிதான் மிச்சம். பெரிய மார்க்கெட் பக்கம் குடை போட்டு உட்கார்ந்திருந்த சாவிக்காரரிடம் காட்டினேன். வாங்கி, தலைப் பகுதியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "வெட்டித் தர்றேன் சார், கதவு தொறக்கும். வண்டி ஸ்டார்ட் ஆவாது. உள்ள சிப்பு இருக்கு" என்றார். முதல் நாளே ஒருவர் இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் நம்பாமல் நாலு இடம் அலைந்தவன் நான்.

அவர் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். உங்கள் கையில் இருப்பது ஒரு சாவி போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. பூட்டைத் திருப்பும் இரும்பு ஒன்று. இன்ஜினை ஓட விடும் சிப் ஒன்று. கதவைத் தூரத்திலிருந்து திறக்கும் ரிமோட் ஒன்று. மூன்றுக்கும் வேறு வேறு திறமை வேண்டும், சில சமயம் வேறு வேறு ஆளே வேண்டும். சிப்புக்கு பேட்டரி கிடையாது. சாவித் துளையைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் அனுப்பும் மின்காந்த அலையிலேயே உயிர் பெற்று, தன் அடையாளத்தைச் சொல்லிவிட்டு அடங்கிவிடும். அதனால்தான் ரிமோட் பேட்டரி செத்துப்போன பிறகும் வண்டி ஸ்டார்ட் ஆகிறது.

சிப் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைச் சாவியின் தலையில் இடைவெளி இல்லாமல் இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள், இரும்புப் பகுதி மட்டும் வெளியே இருக்கட்டும், அப்புறம் ஸ்டார்ட் செய்து பாருங்கள். வழக்கம்போல ஓடினால் பெரும்பாலும் சிப் இல்லை, அதிர்ஷ்டசாலி நீங்கள், மார்க்கெட் பக்கமே வேலை முடிந்துவிடும். ஸ்டார்ட் ஆகி இரண்டு விநாடியில் அணைந்தாலோ, டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்கினாலோ சிப் இருக்கிறது. ஐரோப்பாவில் 1998-லிருந்து புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் (சரியான சிப் இல்லாமல் இன்ஜினை ஓட விடாத அமைப்பு) கட்டாயம் என்பதால், அதற்குப் பிறகு அங்கே விற்ற வண்டியென்றால் சோதிக்கக்கூடத் தேவையில்லை. ஜப்பானில் உள்நாட்டு விற்பனைக்கென்று 90-களில் செய்த வண்டிகள் பலவற்றில் சிப்பே கிடையாது. பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டிக்கு இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், அதில் கட்டாயம் இருக்கும்.

சரி, முதலில் இரும்பு. இரண்டு ஓரமும் பல் பல்லாக இருந்தால் சாதாரண மெஷினே போதும். பக்கவாட்டில் தட்டையாக, நடுவில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் நெளிந்து ஓடினால் அதற்கு மேலிருந்து கீழாகக் குடையும் வேறு மெஷின் வேண்டும். இதை எல்லோரும் லேசர் கட் சாவி என்கிறார்கள், ஆனால் லேசருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, சின்ன ட்ரில் பிட் போன்ற ஒன்றுதான் குடைகிறது. மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ, ஃபோக்ஸ்வேகன், லெக்ஸஸ் எல்லாம் பெரும்பாலும் இந்த ரகம்.

வெட்டும்போது பலரும் செய்கிற தப்பு, தேய்ந்த சாவியை அப்படியே நகல் எடுப்பது. பதினைந்து வருஷம் ஓடிய சாவியின் பல் ஏற்கெனவே தேய்ந்திருக்கும், நகலில் மெஷினின் பிசகும் சேரும், அந்த நகலுக்கு நகல் எடுத்தால் மூன்றாவது சாவி பூட்டுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். புது வண்டியோடு சின்ன உலோக வில்லை ஒன்றில் சாவி நம்பர் அடித்துக் கொடுத்திருப்பார்கள், முந்தைய உரிமையாளர் எங்காவது டிராயரில் போட்டிருப்பார், வெட்கப்படாமல் போன் போட்டுக் கேளுங்கள். அந்த நம்பர் இருந்தால் தொழிற்சாலை அளவுக்கே வெட்ட முடியும். இல்லையென்றால், சில வண்டிகளில் கதவுப் பூட்டைக் கழற்றினால் அதன் உடம்பிலேயே நம்பர் இருக்கும். அதுவும் இல்லாவிட்டால், பூட்டுக்குள் கருவி விட்டு ஒவ்வொரு தகட்டின் உயரத்தையும் படித்து வெட்டத் தெரிந்த ஆளைப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது சிப். பணம் போவதும் ஆட்கள் ஏமாறுவதும் இங்கேதான். இரண்டு வழி உண்டு. ஒன்று, இருக்கிற சிப்பில் உள்ளதைப் படித்து வெற்றுச் சிப் ஒன்றில் அப்படியே எழுதுவது, குளோன் என்பார்கள். வண்டிக்கு இரண்டும் ஒரே சாவியாகத்தான் தெரியும். இன்னொன்று, புதுச் சிப்பை வண்டியின் கம்ப்யூட்டரில் தனிச் சாவியாகப் பதிவது. குளோன் மலிவு, வேகம், வண்டியில் கை வைக்கவே வேண்டாம். ஆனால் நாளைக்கு ஒரு சாவி தொலைந்தால் அதை மட்டும் நீக்க முடியாது, ஏனென்றால் நீக்கினால் கையில் இருப்பதும் சேர்ந்து செத்துப்போகும். பழைய டொயோட்டாவின் 4சி சிப்பில் மாறாத எண் மட்டுமே இருக்கிறது, நகல் எடுப்பது சுலபம். அடுத்து வந்த 4டி வகையில் 40 பிட் நீள ரகசியக் குறியீடு ஒன்று வைத்தார்கள், 2005-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை உடைத்துக் காட்டினார்கள், இன்று சந்தையில் கிடைக்கும் கையடக்கக் கருவியே அதை நகல் எடுத்துவிடுகிறது. என் கருத்தைக் கேட்டால், கைமாறி வந்த வண்டிக்குப் பதிவதுதான் சரி. பதியும்போதே பழைய சாவிகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கையில் இருப்பவற்றை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். முந்தைய இருவரில் யாரிடம் எத்தனை சாவி கிடக்கிறதோ யார் கண்டது.

கம்பெனிக்குக் கம்பெனி குணம் மாறும். டொயோட்டா, லெக்ஸஸில் கறுப்புத் தலைச் சாவி மாஸ்டர், சாம்பல் தலைச் சாவி ஓட்டலில் வண்டி நிறுத்தும் பையனிடம் கொடுப்பதற்கானது. சாம்பலை வைத்து வண்டி ஓட்டலாம், புதுச் சாவி சேர்க்க முடியாது. மெர்சிடிஸில் கம்பெனிச் சாவி வண்டியின் சேஸிஸ் நம்பரைப் பார்த்து ஜெர்மனியில் செய்தே வர வேண்டும், காத்திருக்கத்தான் வேண்டும். பழைய பிஎம்டபிள்யூவில் மொத்தம் பத்து சாவிக்கு இடம் இருக்கும். ஃபோக்ஸ்வேகன், ஆடி என்றால் வீட்டில் உள்ள எல்லாச் சாவியையும் எடுத்துக்கொண்டு போங்கள், பதியும்போது அங்கே இல்லாத சாவியை வண்டி மறந்துவிடும். பைக்காரர்களுக்கு: இம்மொபிலைசர் உள்ள பெரிய ஹோண்டாக்களில் நாலு சாவி வரை சேர்க்கலாம், கையில் பதிந்த சாவி ஒன்றாவது வேண்டும். பழைய டுகாட்டி, சில கவாஸாக்கிகளில் மாஸ்டராகச் சிவப்புத் தலைச் சாவி ஒன்று வரும். அதை தினசரி ஓட்டத்துக்குப் பயன்படுத்தாதீர்கள், அது பீரோவில் இருக்க வேண்டிய சாமான்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டியோடு கிடக்கும் ஒரிஜினல் சாவியை வாங்கிப் போடலாமே என்று நானும் நினைத்தேன். பல சிப்புகள் ஒரு வண்டிக்குப் பூட்டப்பட்டுவிட்டால் இன்னொன்றுக்குப் போகாது. மேல்கூடு மட்டும்தான் பிரயோஜனம்.

ரிமோட்டில் இம்போர்ட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று. ஜப்பான் உள்நாட்டு வண்டியும் அமெரிக்க வண்டியும் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸில் பேசும், ஐரோப்பிய வண்டிகளும் இங்கே விற்கும் வண்டிகளும் பெரும்பாலும் 433-ல். பார்க்க அச்சு அசலாக ஒரே ரிமோட், பட்டனை அழுத்தினால் வண்டி கண்டுகொள்ளாது. வாங்கும்போது அலைவரிசையைப் பார்த்து வாங்குங்கள். ஆன்லைனில் அடிமட்ட விலைக்குக் கிடைப்பதில் பாதி, உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் கூடு. பழைய கூட்டை நீங்களே திறந்து மாற்றுவதாக இருந்தால் தரையில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள், சிப் என்பது பல வண்டிகளில் மிளகை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் துண்டு, குப்பையென்று பெருக்கிவிட்டால் முடிந்தது.

ஷோரூம் போகலாமே என்பீர்கள். போகலாம், ஆனால் ஜப்பான் உள்நாட்டு வண்டிக்கு 17 இலக்க சேஸிஸ் நம்பர் கிடையாது, எழுத்தும் எண்ணும் கலந்த சின்ன நம்பர்தான். ஷோரூம் கம்ப்யூட்டர் 17 கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். கவுன்டரில் இருக்கும் பெண் நம் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்ப்பார். பாவம், அவர் மேல் குற்றமில்லை.

ஆகவே, கார் சாவிக்கென்றே கருவி வைத்திருக்கும் ஆளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. புதுச்சேரியிலேயே இருக்கிறார்கள், அரிதான வண்டியென்றால் சென்னையிலிருந்து வீட்டுக்கே வருகிறவர்களும் உண்டு. போனில் வண்டி மாடல், வருஷம், எந்த நாட்டுக்காகச் செய்த வண்டி, எத்தனை சாவி கையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, என்ன சிப், குளோனா பதிவா, பதிய முடியாமல் போனால் பணம் கொடுக்க வேண்டுமா வேண்டாமா என்று கேளுங்கள். உடனே "எல்லாம் பண்ணிடலாம் சார், வண்டியை எடுத்துட்டு வாங்க" என்பவரை விட, "சாவியோட போட்டோ அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்பவர் மேல். அந்தப் போட்டோவை அவருக்கு மட்டும் அனுப்புங்கள், ஸ்டேட்டஸில் போடாதீர்கள், பல் தெளிவாகத் தெரிந்தால் படத்தை வைத்தே வெட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆர்.சி.யும் அடையாள அட்டையும் கேட்காமல் வேலையை ஆரம்பிப்பவரிடமிருந்து சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள், நாளைக்கு உங்கள் வண்டிச் சாவியை வேறொருவன் கேட்டாலும் அவர் இதே மாதிரித்தான் போட்டுக் கொடுப்பார்.

வேலை நடக்கும் நாளில் வண்டியின் பேட்டரி நன்றாகச் சார்ஜில் இருக்க வேண்டும். பதிந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் தொய்ந்தால் கம்ப்யூட்டர் பெட்டியே குழம்பிப்போகும். கருவியோடு வருகிறவர் சார்ஜரும் கொண்டுவந்தால் விஷயம் தெரிந்த ஆள்.

இனி, நான் அவமானப்பட்ட இடம். முதலில் போட்ட ஆள் ஸ்டார்ட் செய்து காட்டினார், ஓடியது, 4,500 ரூபாய் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் புதுச் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினால் இரண்டு விநாடியில் அணைகிறது. நடந்தது என்னவென்றால், பழைய சாவியும் புதுச் சாவியும் ஒரே வளையத்தில் தொங்கின. பழையதின் சிப் சுருளுக்குப் பக்கத்திலேயே ஆடிக்கொண்டிருந்ததால் வண்டி அதைப் படித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. புதுச் சிப் பதியவே இல்லை. அதனால் சோதிக்கும்போது பழைய சாவியை வேறு யாரிடமாவது கொடுத்து இருபது அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கதவுகள், டிக்கி, கையுறைப் பெட்டி, பெட்ரோல் மூடி என்று பூட்டு உள்ள எல்லா இடத்திலும் புதுச் சாவியைப் போட்டுத் திருப்புங்கள். இழுத்துப் பிடித்தால் பலவந்தம் செய்யாமல் லேசாக அராவச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிஷமாவது ஓட விடுங்கள், அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பழைய சாவியும் இன்னும் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அப்படியே மார்க்கெட் சாவிக்காரரிடம் சிப் இல்லாத வெறும் இரும்புச் சாவி ஒன்றும் வெட்டிக்கொள்ளுங்கள், டீ காசு மாதிரிதான் ஆகும். வீராம்பட்டினத்திலோ கடலூர் வெள்ளி கடற்கரையிலோ குளிக்க இறங்கும்போது ரிமோட் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் உப்புத் தண்ணீர் காட்டாதீர்கள். நல்ல சாவியை அலுமினியத் தாளில் சுற்றி வண்டிக்குள் ஒளித்துவிட்டு, இரும்புச் சாவியால் பூட்டிக்கொண்டு போகலாம். அது தொலைந்து யாராவது கதவைத் திறந்தாலும் அதை வைத்து வண்டியைக் கிளப்ப முடியாது. ஆனால் ஒளித்த இடம் யாருக்கும் தெரியக் கூடாது, அது உங்கள் சமர்த்து.

உப்புக்காற்றில் பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும். கிராஃபைட் தூள் போடுங்கள், கிடைக்காவிட்டால் பென்சில் முனையைச் சாவிப் பல்லில் கறுக்கக் கறுக்கத் தேய்த்து நாலு தடவை உள்ளே விட்டு எடுங்கள்.

வண்டி களவு போனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி வழக்கமாகக் கேட்பது இரண்டு ஒரிஜினல் சாவியையும். அதனால் கம்பெனிச் சாவி எவ்வளவு தேய்ந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், ஒன்று முன்பே தொலைந்திருந்தால் போலீஸில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி பாலிசியோடு வையுங்கள், புதுச் சாவி போட்ட பில்லையும் அதே கவரில் போட்டுவிடுங்கள். தினசரி ஓட்டத்துக்குப் புதுச் சாவி, ஒரிஜினல் பீரோவுக்குள். சாவி நம்பர் வில்லையைச் சாவி வளையத்தில் மாட்டாதீர்கள், இரண்டும் சேர்ந்து தொலையும்.