கேட்டில் பை பிடிபட்டால்: புதிதாக எச்.ஆர். வேலைக்கு வந்தவர்களுக்கு

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் நான் சேர்ந்து மூன்றாவது மாதம். ஷிப்ட் விடும் நேரம், பேரணாம்பட்டு வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு அக்காவின் சாப்பாட்டுப் பையில் லைனிங் தோல் துண்டுகள் இருக்கின்றன என்று செக்யூரிட்டியிடமிருந்து போன். "உடனே மெமோ கொடுங்க" என்றார் மேனேஜர். கொடுத்தேன். "நீங்கள் தோல் திருடியதால்..." என்று அது ஆரம்பித்தது.

பதில் இரண்டே வரி. "திருடியதாக நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். பிறகு எதற்கு என் விளக்கம்?" யூனியன்காரர் யாராவது எழுதிக் கொடுத்திருப்பார். ஆனால் கேள்வி நியாயமானது. மெமோவை நானே திரும்ப வாங்க வேண்டியதாயிற்று.

படி 1: முதலில் காகிதம், பிறகு பேச்சு

கேட் ரெஜிஸ்டர் பக்கம், பஞ்ச் நேரம், சோதனை செய்த பெண் காவலர் கைப்பட எழுதிய நாலு வரி, பிடித்த பொருளின் போட்டோ, எண்ணிக்கை. இவற்றை அன்றைக்கே எடுத்து வையுங்கள். சிசிடிவி பதிவு டிஸ்க் நிறைந்ததும் தானாக அழியும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போச்சு.

படி 2: உட்கார வைத்துக் கேளுங்கள்

கதவைத் தாழ்போடக் கூடாது. பெண் தொழிலாளி என்றால் பெண் ஊழியர் ஒருவர் கூட இருக்க வேண்டும். "ஏம்மா எடுத்தே?" என்று கேட்டால் அழுகைதான் வரும். "இந்தத் துண்டு உங்க பைக்கு எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த அக்காவிடம் பிறகு நான் அப்படிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கட்டிங் சூப்பர்வைசர் வேஸ்ட் மூட்டையிலிருந்து மிஷின் துடைக்க எல்லோருக்கும் துண்டு கொடுப்பாராம். வேஸ்டை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று எந்த நோட்டீஸ் போர்டிலும் இல்லை. நான் போய்ப் பார்த்தேன், உண்மையிலேயே இல்லை.

வெள்ளைத்தாளில் கையெழுத்து, "நானே வேலையை விட்டு நின்றுகொள்கிறேன்" என்ற கடிதம், இரண்டையும் அந்த அறையில் வாங்காதீர்கள். பழைய ஆட்கள் இதைத்தான் சாமர்த்தியம் என்பார்கள். மிரட்டி வாங்கினார்கள் என்று அந்தத் தொழிலாளி சொன்னால், வேலூர் லேபர் கோர்ட்டில் பதில் சொல்ல நிற்கப்போவது நீங்கள்தான்.

படி 3: மெமோ

நடந்ததை மட்டும் எழுதுங்கள். ஆள் எப்படிப்பட்டவர் என்று எழுதாதீர்கள். இரண்டாவது முறை நான் எழுதியது இது:

"14-ம் தேதி மாலை 5.40 மணிக்குப் பெண்கள் கேட்டில் நடந்த சோதனையில் உங்கள் பையில் லைனிங் தோல் துண்டுகள் 6 இருந்தன. கேட் பாஸ் இல்லை. இதுபற்றி உங்கள் விளக்கத்தை 48 மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் தரவும்."

எடுத்துக் கொடுக்கும்போது வாசித்தும் காட்டுங்கள். நம் பக்கம் வீட்டில் உருது பேசுபவர்கள், குடியாத்தம் பக்கமிருந்து வரும் தெலுங்குக்காரர்கள் நிறைய. தமிழ் பேசுவார்கள், படிக்கத் தடுமாறுவார்கள். புரியாத மெமோவுக்குக் கையெழுத்து வாங்கிப் பிரயோஜனம் இல்லை.

லேட்டாக வருவது, லைனில் போன் பார்ப்பது, சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசுவது, இதெல்லாம் வேறு கணக்கு. கூப்பிட்டுப் பேசுங்கள், தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப நடந்தால் எச்சரிக்கைக் கடிதம். கத்துகிறவர் எல்லாம் திருடர் இல்லை. அமைதியாக இருப்பவர் எல்லாம் யோக்கியரும் இல்லை.

படி 4: சஸ்பென்ஷன்

ஆள் உள்ளே இருந்தால் சாட்சியைக் கலைப்பார் என்ற நிலையில் மட்டும் செய்யுங்கள். விசாரணை முடியும்வரை வைக்கும் சஸ்பென்ஷன் தண்டனை அல்ல, பிழைப்பூதியம் (வேலைக்கு வராமல் நிறுத்தி வைத்த நாட்களுக்கான தொகை) கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டின் 1981-ம் ஆண்டுச் சட்டப்படி முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் பாதி, அதன்பின் 180 நாள்வரை 75 சதவீதம், அதையும் தாண்டினால் முழுச் சம்பளம். விசாரணையை இழுத்தடிக்கும் முதலாளிக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் வேகம் தானாக வரும்.

படி 5: என்கொயரி

விளக்கம் திருப்தியாக இல்லை, குற்றமும் பெரியது என்றால்தான் இது. புகார் கொடுத்தவரோ சாட்சி சொல்பவரோ விசாரணை அதிகாரியாக உட்காரக் கூடாது. வெளியிலிருந்து ஒரு வக்கீலை வைப்பது நல்லது. தொழிலாளி துணைக்குச் சக தொழிலாளியை அழைத்து வரலாம், நம் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம், தன் சாட்சியைக் கொண்டுவரலாம். ஒவ்வொரு நாளும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கி நகல் கொடுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.

படி 6: தண்டனை

தோன்றிய தொகையைச் சம்பளத்தில் பிடிக்க முடியாது. அபராதம் அந்த மாதக் கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதுவும் விளக்கம் கேட்ட பிறகுதான். பழைய ரெக்கார்டு சுத்தமாக உள்ள ஒருவரை ஆறு துண்டுத் தோலுக்காக டிஸ்மிஸ் செய்தால், லேபர் கோர்ட் அந்தத் தண்டனையைக் குறைத்து வேலையைத் திரும்பக் கொடுக்கச் சொல்லலாம்.

அந்த அக்காவுக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை, சூப்பர்வைசருக்கும் ஒன்று, கேட்டில் தமிழிலும் உருதுவிலும் ஒரு நோட்டீஸ். மறுநாள் காலை அதே வேனில் வந்து அதே மிஷினில் உட்கார்ந்தார். டீ நேரத்தில் நாலு பேர் என்னைச் சுற்றிக்கொண்டார்கள், "என்ன சார் ஆச்சு?" என்று. "முடிஞ்சுதும்மா, பெல் அடிக்கப்போகுது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.