மெயிலில் வரும் பில்லைக் கணக்குப் பதிவோடு இணைப்பது எப்படி?

சேலத்தில் செவ்வாய்பேட்டை கொலுசுப் பட்டறை, லீ பஜார் மண்டி, ஏற்காட்டு ஹோம்ஸ்டே என எந்தத் தொழிலிலும் இன்று பல பில்கள் மெயிலுக்குத்தான் வருகின்றன. அங்கேயே கிடந்தால், ஆடிட்டர் கேட்கும் நாளில் தேடித் திண்டாட வேண்டும். வந்த வாரமே அந்தந்தப் பதிவோடு இணைத்துவிடுங்கள். ஜோஹோ புக்ஸ் என்ற கணக்கு மென்பொருளை வைத்துச் சொல்கிறோம். மற்ற மென்பொருள்களிலும் வேலை ஏறக்குறைய இதேதான்.

'டாக்குமெண்ட்ஸ்' பகுதியில் உங்கள் நிறுவனத்துக்கென்று ஒரு மெயில் முகவரி இருக்கும். அதை போனில் சேமித்துக்கொண்டு, வரும் பில்லை அதற்கு ஃபார்வர்டு செய்யுங்கள். இணைப்பிலுள்ள கோப்பு 'டாக்குமெண்ட்ஸ்' இன்பாக்ஸில் சேர்ந்துவிடும். ஏற்காட்டில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களுக்கும் இது தோது. மெயில் அவுட்பாக்ஸில் காத்திருந்து, சிக்னல் கிடைத்ததும் தானே போய்விடும்.

ஜிமெயிலில் ஃபில்டர் போட்டுத் தானாகவே அனுப்ப வைக்கலாம். ஆனால் ஃபார்வர்டு முகவரியை முதலில் உறுதி செய்யச் சொல்லி, அந்த முகவரிக்கே ஒரு மெயில் போகும். அதைத் திறந்து உறுதி செய்ய முடியாவிட்டால் கையால் அனுப்புவதே வழி. ஃபில்டர் இனி வரும் மெயிலுக்கு மட்டும்தான். பழையவற்றை நீங்கள்தான் அனுப்ப வேண்டும்.

அடுத்ததுதான் முக்கியம். இன்பாக்ஸில் பில்லைப் பார்த்ததும் புதுப் பதிவு போட்டுவிடாதீர்கள். பேங்க் ஃபீடு (வங்கி வரவு செலவு தானாக மென்பொருளில் ஏறும் வசதி) வழியாக அதே செலவு ஏற்கெனவே ஏறியிருக்கலாம். செலவு இரட்டிப்பாவது பெரும்பாலும் இப்படித்தான். சப்ளையர் பெயரையும் தொகையையும் போட்டு முதலில் தேடுங்கள். பதிவு இருந்தால் அதைத் திறந்து கோப்பை இணைத்தால் போதும். இல்லாவிட்டால் மட்டும் அந்தக் கோப்பிலிருந்து புது பில் போடுங்கள். பிறகு பேங்க் ஃபீடில் வரும் பதிவைப் புதுச் செலவாக ஏற்றாமல், அந்த பில்லோடு 'மேட்ச்' செய்யுங்கள்.

தராசு சர்வீஸுக்கு 5,900 ரூபாய் பில் என்று வைத்துக்கொள்வோம். சேலத்துக் கடை என்றால் 5,000-உடன் சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 450, எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்தின் பங்கு) 450. பெங்களூரு கம்பெனி என்றால் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது வரும் வரி) 900. மென்பொருள் தானே படித்து நிரப்பும்போது மொத்தத் தொகை சரியாக இருந்து வரிப் பிரிவு மாறிவிடக்கூடும். ஆகவே பில் எண், தேதி, வரிப் பிரிவு, 33-இல் தொடங்கும் உங்கள் ஜிஎஸ்டி எண் ஆகிய நான்கையும் கண்ணால் பார்த்தே சேமியுங்கள். பில்லில் உங்கள் எண் இல்லையென்றால் அன்றே சப்ளையரிடம் சொல்லித் திருத்தி வாங்குங்கள். நாள் கடந்தால் அவர் ரிட்டர்ன் போட்டு முடித்திருப்பார்.

சில மெயில்களில் பில்லே இருக்காது, 'டவுன்லோடு' லிங்க் மட்டும்தான் இருக்கும். அதை ஃபார்வர்டு செய்து பயனில்லை. லிங்க் சில நாளில் செத்தும் போகலாம். பிடிஎஃப் ஆக இறக்கி ஏற்றுங்கள். பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப்பைத் திறந்து, பிரிண்ட் கொடுத்து, மறுபடி பிடிஎஃப் ஆகச் சேமித்தால் பெரும்பாலும் பூட்டு போய்விடும். மெயில் கையெழுத்திலுள்ள லோகோக்களும் தனிக் கோப்பாக வந்து விழலாம், அழித்துவிடுங்கள். புரொஃபார்மா இன்வாய்ஸ் (விற்பனைக்கு முன் தரும் உத்தேச பில்), ஆர்டர் உறுதி மெயில், யுபிஐ ஸ்கிரீன்ஷாட் எதுவும் வரி பில் ஆகாது. உள்ளீட்டு வரி எடுக்க, அதாவது வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, இவை உதவாது.

மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையர்கள் காட்டிய பில்களின்படி நீங்கள் எடுக்கக்கூடிய வரிப் பட்டியல்) 14-ஆம் தேதி வரும், வரி கட்டும் ரிட்டர்னான 3பி-க்குக் கடைசி நாள் 20. இடைப்பட்ட நாட்களில் 2பி-யோடு ஒப்பிட்டு, கோப்பு இணைக்காத பில்களைத் தேடி முடியுங்கள். கையில் பில் இருந்தும் 2பி-யில் ஏறவில்லை என்றால் அந்த வரியை இந்த மாதம் எடுக்க முடியாது, சப்ளையரைக் கேளுங்கள்.

ஆண்டு ரிட்டர்னுக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கையும் ஆவணங்களையும் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். சந்தாவை நிறுத்தினாலும் பில்கள் கையில் இருக்க, ஒவ்வொரு மார்ச் முடிவிலும் எல்லாக் கோப்புகளையும் இறக்கித் தனி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி வையுங்கள்.