பிரிண்டர் வாங்கும் முன் உங்கள் கம்ப்யூட்டரைப் பாருங்கள்

பிள்ளைகளின் பிராஜெக்ட்டுக்கும் ஆதார் நகலுக்கும் ஒவ்வொரு தடவையும் ஜெராக்ஸ் கடைக்கு ஓட வேண்டியிருக்கிறதே என்று வீட்டுக்கு ஒரு ஆல்-இன்-ஒன் பிரிண்டர் வாங்கினேன். கடையில் ஒரு தாளை வைத்து ஜெராக்ஸ் போட்டுக் காட்டினார்கள், பளிச்சென்று வந்தது, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஜெராக்ஸுக்குக் கம்ப்யூட்டரே தேவையில்லை என்பது அப்போது தோன்றவில்லை. வீட்டில் இருந்தது விண்டோஸ் 7 லேப்டாப். அந்த மாடலுக்கான டிரைவர், அதாவது பிரிண்டரைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் மென்பொருள், அதில் ஏறவே இல்லை. மிஷினில் ஒரு கோளாறும் இல்லை, தவறு முழுக்க நான் பார்க்காமல் வாங்கியதுதான்.

அதனால் கடைக்குப் போகும் முன் உங்கள் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் ‘வின்வெர்’ (winver) என்பதை ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் எந்த விண்டோஸ் என்று காட்டிவிடும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது, புது மாடல்கள் பலவற்றுக்கு அதற்கான டிரைவரே வருவதில்லை. அப்புறம் பிரிண்டர் கம்பெனியின் இணையதளத்தில் மாடல் பெயரைப் போட்டு, உங்கள் விண்டோஸுக்கு டிரைவர் இருக்கிறதா என்று தேடுங்கள். குரோம்புக் வைத்திருப்பவர்களும் ஸ்னாப்டிராகன் சிப் உள்ள லேப்டாப் வைத்திருப்பவர்களும் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் சாதாரண விண்டோஸ் டிரைவர் குரோம்புக்கில் ஏறாது, ஸ்னாப்டிராகனுக்கும் அதற்கென்று தனி டிரைவர் வேண்டும்.

பலர் ஏமாறுவது ஸ்கேனில்தான். பிரிண்டரைச் செருகியதும் விண்டோஸே ஒரு பொது டிரைவரைப் போட்டுக்கொள்ளும், பிரிண்ட் வந்துவிடும், எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். ஆனால் ஸ்கேனுக்கு வேறு டிரைவர் தேவைப்படலாம். கம்பெனியின் முழு மென்பொருளையும் இறக்கிப் போட்டால்தான் அது வரும். பழைய பிரிண்டரை மேக்கில் இணைப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. 2019-இல் வந்த கேட்டலினா என்ற மேக் பதிப்பில் ஆப்பிள் 32-பிட் என்ற பழைய வகை மென்பொருள்களை நிறுத்தியபோது, அந்த வகையில் எழுதப்பட்ட ஸ்கேன் மென்பொருள்களும் சேர்ந்து நின்றுபோயின.

கேபிளை முதலில் செருகிவிட்டு மென்பொருளைப் பிறகு போடுவதும் தவறு. மென்பொருள் கேட்கும்போது மட்டும் செருகுங்கள். அவசரப்பட்டுச் செருகியிருந்தால் அமைப்புகளில் போய் அந்தப் பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

வைஃபை பக்கம் வந்தால், வீட்டுப் பிரிண்டர்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்தான் இணையும், 5 கிகாஹெர்ட்ஸில் இணையாது. ரவுட்டரில் 2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர் இருந்தால் சிலசமயம் இணைப்பு சிக்கிக்கொள்ளும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிடுங்கள், பிரிண்டரை 2.4-இல் சேர்த்த பிறகு லேப்டாப் 5-இல் இருந்தாலும் பரவாயில்லை. விருந்தாளிகளுக்கென்று தனியாக வைக்கும் கெஸ்ட் வைஃபையில் மட்டும் பிரிண்டரைச் சேர்க்காதீர்கள், பெரும்பாலும் அதில் ஒரு சாதனத்துக்கு இன்னொன்று தெரியாது.

சில மாடல்களின் பெட்டியில் யூஎஸ்பி கேபிள் இருக்காது, அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியைப் பிரிக்கும் முன்பே டிரைவரை இறக்கி ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஒத்துவராத விண்டோஸ் என்றால் அங்கேயே சொல்லிவிட வாய்ப்பு உண்டு, பிரிக்காத பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதும் சுலபம். நான் டேங்கில் மை ஊற்றிய பிறகுதான் லேப்டாப்பைத் திறந்தேன், கடையில் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போதைக்குப் போன் ஆப் வழியாகத்தான் பிரிண்டும் ஸ்கேனும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.